டேபர் முத்திரையுள்ள யோசெமிட்டி படம்: வாங்கலாமா, சிங்கப்பூரில் காப்பாற்ற முடியுமா?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நகரங்கள் பெருகுவதற்கு முன்பு, 1860களிலும் 1870களிலும், அங்குள்ள மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் பாலை நிலங்களையும் கண்ணாடித் தகடுகளில் பதிவுசெய்த புகைப்படக்காரர்களின் படங்களைச் சில ஆண்டுகளாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். கார்ல்டன் வாட்கின்ஸ், திமதி ஓசல்லிவன், வில்லியம் ஹென்றி ஜாக்சன் ஆகிய மூவரும் என்னை மிகவும் ஈர்த்தவர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பெரிய மின்கோப்புகளை இலவசமாகவே தருவதால், பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தக் காலத்திலேயே வெயிலில் வைத்து அச்சிடப்பட்ட ஒரு தாளையாவது சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை நாளுக்கு நாள் வலுத்து வருகிறது.

நெவாடாவில் கார்சன் பாலைவனத்து மணல்மேடுகளை 1867இல் ஓசல்லிவன் எடுத்த படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான்கு கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி ஒன்று வெறும் மணலில் நிற்கிறது; அதுதான் அவருடைய இருட்டறை. வண்டிக்கும் கேமராவுக்கும் இடையே காலடித் தடங்கள் மணலில் அழுத்தமாகப் பதிந்திருக்கின்றன. தகடு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, அந்த ஈரம் உலர்வதற்குள் வண்டிக்குத் திரும்பிக் கழுவியாக வேண்டும் என்ற அவசரத்தை அந்தத் தடங்களில் காண்கிறேன். நிலக்காட்சிப் படங்கள் மீது எனக்கு ஏற்பட்ட பற்றுக்கு அதுவே முதற்காரணம்.

இப்போது வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் படம் ஒன்றை 900 அமெரிக்க டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். பழுப்பு நிறப் படம், தடித்த அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது. படத்தின் அடிவிளிம்பில் ஓர் எண்ணும், காட்சியின் பெயரும், "டேபர், சான் ஃபிரான்சிஸ்கோ" என்ற பெயரும் வெள்ளை எழுத்தில் காணப்படுகின்றன. ஆனால் இது வாட்கின்ஸ் 1861இல் எடுத்த படமே என்று அவர் உறுதியாகக் கூறுகிறார். டேபர் பெயர் போட்ட படம் வாட்கின்ஸ் எடுத்ததாக இருக்க முடியுமா? இருக்குமானால் அந்த விலை நியாயமா? ஆண்டு முழுவதும் புழுக்கமாக இருக்கும் நமது ஊரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், இத்தகைய தாளைக் கெடாமல் வைத்திருக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நிழற்சுவடி:

ஈசூன்வாசி அவர்களுக்கு வணக்கம். இருக்க முடியும். ஆனால் இருக்க முடியும் என்பதும் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியில்தான் உங்கள் 900 டாலர் நிற்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வாட்கின்ஸ் 1861இல் ஏறத்தாழ 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளை ஏற்கும்படி செய்வித்த பெரிய கேமராவைக் கோவேறு கழுதைகள் மீது ஏற்றிக்கொண்டு யோசெமிட்டிக்குச் சென்றார். 30 பெரிய தகடுகளோடும் 100 ஸ்டீரியோ (ஒரே காட்சியை இரட்டைப் படமாகக் காட்டி ஆழம் தோன்றச் செய்யும்) நெகட்டிவ்களோடும் திரும்பினார். மறு ஆண்டே அந்தப் படங்கள் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1864 ஜூன் 30ஆம் நாள் யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காகக் காப்பாற்றும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டதற்கு அந்தப் படங்களும் துணைநின்றன என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். இத்தனை புகழ் இருந்தும் 1870களின் நடுவில் கடன் நெருக்கடியில் சிக்கி, தமது காட்சிக்கூடத்தையும் அதிலிருந்த நெகட்டிவ்களையும் அவர் இழந்தார். அவை ஐசையா வெஸ்ட் டேபரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. டேபர் அந்தத் தகடுகளிலிருந்தே படங்களை அச்சிட்டுத் தம் பெயரில் விற்றார். எடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை. வாட்கின்ஸ் மனம் தளராமல் பல இடங்களுக்கு மீண்டும் சென்று, "புதிய வரிசை" என்ற பெயரில் முதலிலிருந்து தொடங்கினார். 1906 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நேர்ந்த நிலநடுக்கமும் தீயும் அவருடைய பணிக்கூடத்தையும் விட்டுவைக்கவில்லை, டேபருடையதையும் விட்டுவைக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1916இல், மனநல மருத்துவமனை ஒன்றில் அவர் காலமானார். அவருடைய ஒரு படத்தைக் கையில் ஏந்தும்போது இந்த வரலாற்றை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

எனவே டேபர் முத்திரையுள்ள படங்களில் மூன்று வகை உண்டு: வாட்கின்ஸின் பெரிய தகட்டிலிருந்து டேபர் அச்சிட்டது, வாட்கின்ஸின் சிறிய தகட்டிலிருந்து அச்சிட்டது, டேபரின் நிறுவனமே பின்னர் எடுத்தது. இவற்றைப் பிரித்தறிய முதலில் கேட்க வேண்டியது அளவு. அக்காலத்து ஆல்புமென் தாளின் (முட்டை வெண்கரு பூசிய அச்சுத்தாள்) ஒளியுணர்திறன் மிகக் குறைவு. நெகட்டிவைத் தாளோடு சேர்த்து அழுத்தி வெயிலில் வைத்தால்தான் உருவம் தோன்றும். பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ வழக்கமான நடைமுறை அல்ல. தகடு எந்த அளவோ, ஓரம் வெட்டியது போக, படமும் ஏறத்தாழ அந்த அளவே. ஆகவே உங்கள் படம் ஏறத்தாழ 40க்கு 52 சென்டிமீட்டர் என்றால் மேற்கொண்டு ஆராயலாம். அதைவிட மிகச் சிறியது என்றால், 1861ஆம் ஆண்டின் பெரிய தகடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அளவு ஒத்துவந்தால், கெட்டி அருங்காட்சியகம் 2011இல் வெளியிட்ட முழுத்தொகுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாட்கின்ஸின் பெரிய தகட்டுப் படங்களாக இன்று அறியப்பட்டுள்ள 1,200க்கும் மேற்பட்டவை அதில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒப்பிடும்போது மலையைப் பார்க்காதீர்கள். மலை எல்லார் படத்திலும் ஒன்றுதான். முன்னால் கிடக்கும் மரக்கட்டை, ஒரு கிளை பாறையை வெட்டும் இடம், நிழல் விழும் கோணம், தகட்டின் மேல் பூசும் கொலோடியன் என்ற பசைத்திரவம் ஓரத்தில் வழிந்து நின்ற கறை ஆகியவற்றைப் பாருங்கள். இவை ஒரே தகட்டில் மட்டுமே அப்படியே திரும்ப வரும்.

படம் உண்மையிலேயே ஆல்புமென் அச்சுதானா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி போதும். ஆல்புமென் தாள் மெல்லியது. முட்டை வெண்கருப் படலத்தின் ஊடாகத் தாளின் நார்கள் கண்ணுக்குத் தெரியும், மேற்பரப்பில் மிக நுண்ணிய வெடிப்புகளும் தெரியும். நார்கள் தெரியாமல் வழவழப்பாக இருந்தால் அது பெரும்பாலும் 1880களின் இறுதிக்குப் பிறகு வந்த வேறு வகைத் தாள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது புகைப்படமே அல்ல, அச்சு இயந்திரத்தில் வந்தது. ஜாக்சனின் நெகட்டிவ்களைக் கொண்டு டெட்ராய்ட் நிறுவனம் 1890களின் இறுதியிலிருந்து வெளியிட்ட வண்ணப் படங்களும் கல்லச்சு முறையில் உருவானவையே. அவை அழகானவை, சேகரிக்கவும் தகுந்தவை. ஆனால் அவற்றை 1870களின் புகைப்படம் என்று சொல்லி விற்பது தவறு.

வெள்ளையாக, மேகமே இல்லாமல் இருக்கும் வானத்தைப் பார்த்து மங்கிப்போன படம் என்று தள்ளிவிட வேண்டாம். ஈரக் கொலோடியன் நீல ஒளியையே மிகுதியாக உணர்வதால் நிலம் பதிவதற்குள் வானம் முழுவதும் வெளுத்துவிடும். அழகாக மேகம் திரண்டிருக்கும் படத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனெனில் மைப்ரிட்ஜ் போன்றவர்கள் வேறொரு நெகட்டிவிலிருந்து மேகங்களை எடுத்துச் சேர்த்தார்கள்.

காகிதக்காரர்:

ஈசூன்வாசி அவர்களே, பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பழைய தாள்களைப் பராமரிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இங்கு வைத்திருக்க முடியும் என்று உறுதியாகவே சொல்வேன். ஆனால் சுவரில் மாட்ட முடியாது.

ஆல்புமென் படத்தின் உருவம் மிக நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. துகள் சிறுத்திருக்கும் அளவுக்கு ஈரமும் காற்றிலுள்ள கந்தகமும் அதை எளிதில் தாக்கும். முதலில் வெளிச்சப் பகுதிகளிலுள்ள நுட்பங்கள் மறையும், பிறகு படம் முழுவதும் மஞ்சளாகும். போன நுட்பத்தை எந்தச் சிகிச்சையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. நமது ஊரிலோ சராசரியே 80ஐத் தாண்டுகிறது. விடியற்காலையில் 90க்கும் மேல் போவது வழக்கம். 65க்கு மேல் நீண்ட நாள் நின்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்.

குளிரூட்டி இருக்கிறதே என்று நினைத்துவிட வேண்டாம். இரவில் போட்டுப் பகலில் அணைத்தால், ஈரப்பதம் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும். வெண்கருப் படலமும் அடியிலுள்ள தாளும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அதனால்தான் வற்றிய குளத்துச் சேறு போல மேற்பரப்பு வெடிக்கிறது. நிலையாக இருப்பது மிகக் குறைவாக இருப்பதைவிட முக்கியம். கேமரா வைத்திருப்போர் வாங்கும், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் பெட்டி இதற்குப் போதுமானது; 40 முதல் 45க்குள் வைத்துவிட்டு, அடிக்கடி திறக்காமல் இருங்கள். 30க்குக் கீழே இறக்கினால் அட்டை வளைந்து படலம் விரிசல் விடும். அதில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் தனியாக ஓர் ஈரமானியையும் உள்ளே வையுங்கள்.

உறையும் பெட்டியும், புகைப்படத்தைக் கெடுக்கின்றனவா என்று பார்க்கும் பிஏடி (PAT) சோதனையில் தேறியவையாக இருக்கட்டும். அமிலமற்றது என்ற ஒரு சொல் மட்டும் போதாது. அலமாரியில் துணிகளுக்கு நடுவே அந்துருண்டை போடுவது நம் வீடுகளில் வழக்கம், படத்தோடு அதை ஒருபோதும் வைக்கக்கூடாது. ரப்பர் வளையத்தில் கந்தகம் இருப்பதால் அதுவும் ஆகாது. புதிதாகச் சாயம் அடித்த மர அலமாரியும், துகள் பலகையால் செய்த அலமாரியும் அமில ஆவியை வெளிவிடுவதால் அவற்றையும் தவிர்த்துவிடுங்கள். இராமபாணப் பூச்சிக்கு ஆல்புமெனும் பழைய பசையும் விருந்து. ஈரம் குறைந்த, மூடிய பெட்டியே அதற்கும் மருந்து.

அட்டையில் கறை இருக்கிறதே என்று எண்ணிப் படத்தை அதிலிருந்து பிரிக்க முயலாதீர்கள். தாள் அவ்வளவு மெல்லியது என்பதால் தனியே நிற்காது. தவிர, பதிப்பாளரின் பெயரும் தலைப்பும் அந்த அட்டையில்தான் பல நேரங்களில் இருக்கும். வரவேற்பறையில் தொங்கவிட விரும்பினால் நல்ல மின்கோப்பை அச்சிட்டு மாட்டுங்கள். மூலத்தை வேண்டும்போது எடுத்து, மங்கலான விளக்கில், மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடலாம்.

குறிஞ்சிப்பாட்டி:

நிழற்சுவடி ஐயா சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. ஆனால் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் படங்களில் ஆளில்லாத காடு என்று நாம் வியப்பது உண்மையில் ஆட்கள் அகற்றப்பட்ட நிலம். வாட்கின்ஸ் கேமராவோடு போவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1851 மார்ச்சில், மாரிப்போசா படைப்பிரிவு யோசெமிட்டிக்குள் நுழைந்து அங்கு வாழ்ந்த அவானிச்சி மக்களைத் துரத்தியது. அவருடைய படங்களில் பூங்காவைப் போல விரிந்து கிடக்கும் புல்வெளிகள் தாமாக அமைந்தவை அல்ல. அந்த மக்கள் ஆண்டாண்டு காலமாகத் தீமூட்டிப் புதரை ஒடுக்கி வந்ததால் அமைந்தவை.

நமது திணை மரபில் நிலம் என்றால் அங்குள்ள தெய்வமும் மக்களும் தொழிலும் உணவும் பறையும் சேர்ந்ததே. குறிஞ்சி என்றால் குறவரும் சேர்ந்தே நினைவுக்கு வருவர். அந்தக் கண்ணோடு பார்க்கப் பழகிய நாம், வெறும் பாறையும் அருவியும் உள்ள படங்களை மட்டும் சேர்ப்பதில் நிறைவடைந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. ஓசல்லிவன் 1873இல் அரிசோனாவின் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் எடுத்த படத்தில், செங்குத்தான பாறைச் சுவரின் குழிவில் பழைய குடியிருப்பின் சுவர்கள் நிற்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கில் நவஹோ மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். கொலராடோ ஆற்றுப் பகுதியை ஆராய்ந்த பவலின் ஆய்வுக்குழுவோடு சென்ற புகைப்படக்காரர் ஹில்லர்ஸ் தெற்குப் பையூட் மக்களைப் பலமுறை படமெடுத்திருக்கிறார், அவற்றில் சில அவர் சொன்னபடி உடுத்தி நின்று எடுக்கப்பட்டவை. இத்தகையவற்றையும் தொகுப்பில் சேர்த்தால்தான் அந்த நிலத்தை ஓரளவாவது அறிந்ததாகும். ஓசல்லிவன் உடன்சென்ற கிங், வீலர் ஆகியோரின் ஆய்வுக்குழுக்களுக்கு அமெரிக்கப் போர்த்துறையே பணம் தந்தது என்பதையும், கனிமமும் பாதையும் தேடிப் போன குழுக்கள் அவை என்பதையும் உங்கள் குறிப்பேட்டில் படத்தின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

ஈசூன்வாசி:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. அம்மா, நீங்கள் சொன்னது என் தேர்வையே மாற்றுகிறது. வீலர் குழுவின் ஸ்டீரியோ அட்டைகளை இனி தனியாகக் கவனிக்கிறேன்.

விற்பனையாளரிடம் அளவு கேட்டேன். படம் 19க்கு 24 சென்டிமீட்டர். அட்டையின் பின்பக்கத்திலும் சான் ஃபிரான்சிஸ்கோ தெரு ஒன்றின் படம் ஒட்டப்பட்டிருக்கிறதாம், அதிலும் டேபர் பெயர் உள்ளதாம். வேறொருவரிடம் வாட்கின்ஸின் "புதிய வரிசை" ஸ்டீரியோ அட்டை ஒன்று 120 டாலருக்கு இருக்கிறது. இரண்டில் எதை நாடலாம்?

நிழற்சுவடி:

அளவே விடை சொல்லிவிட்டது. 19க்கு 24 என்பது 8க்கு 10 அங்குலத் தகட்டின் அளவு. பின்பக்கத்திலும் படம் இருப்பதால், 1880களிலோ 1890களிலோ கலிஃபோர்னியாவுக்குப் போன பயணி வாங்கிச் சேர்த்த ஆல்பத்திலிருந்து பிரித்தெடுத்த தாள் என்றே கொள்ள வேண்டும். டேபர் இவற்றை ஏராளமாக விற்றார். அந்த வகையில் அது நேர்மையான, பார்க்க இனிய பொருள். ஆனால் வாட்கின்ஸின் பெயரால் 900 டாலர் கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. 1861 என்ற கூற்றுக்கு ஆதாரம் என்ன என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதற்கு அவர் தரும் பதிலை வைத்தே இனி அவரோடு வியாபாரம் செய்யலாமா என்று முடிவெடுத்துவிடலாம்.

ஸ்டீரியோ அட்டையை நாடுங்கள் என்பதே என் கருத்து. "புதிய வரிசை" என்ற அச்சு இருந்தால், அது எல்லாவற்றையும் இழந்த பிறகு அவர் தம் கையால் மீண்டும் கட்டியெழுப்பிய தொகுப்பைச் சேர்ந்தது. அதற்கென்றே ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அங்கும் ஒரு கவனம் தேவை. சென்ட்ரல் பசிஃபிக் ரயில்பாதையை ஆல்ஃபிரட் ஹார்ட் எடுத்த ஸ்டீரியோ நெகட்டிவ்கள் 1870 அளவில் வாட்கின்ஸிடம் வந்தன, அவற்றை வாட்கின்ஸ் தம் பெயரில் வெளியிட்டார். டேபர் அவருக்குச் செய்ததை அவரும் ஹார்ட்டுக்குச் செய்தார் என்பது வருத்தமான உண்மை. ஆகவே சியரா மலையில் ரயில்பாதை தெரியும் அட்டை என்றால், ஹார்ட்டின் பழைய அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

அட்டையின் வடிவமும் உதவும். 1860களின் இறுதிவரை மூலைகள் சதுரமாக இருந்தன, பிறகு வளைவாக வெட்டப்பட்டன. அட்டையே உட்புறம் வளைந்திருந்தால் பெரும்பாலும் 1880க்குப் பிந்தையது. பின்பக்கத்தில் அமெரிக்க வரி முத்திரைத்தலை ஒட்டியிருந்தால் அது 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்கப்பட்டது என்று துணிந்து சொல்லலாம், ஏனெனில் புகைப்படங்கள் மீதான அந்த வரி அந்த இரண்டு ஆண்டுகள் மட்டுமே இருந்தது. புதிய வரிசை அட்டையில் அத்தகைய முத்திரை இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

பணம் அனுப்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஜி.ஆர். லாம்பர்ட் நிறுவனம் 1867இலிருந்து சிங்கப்பூரில் எடுத்த படங்களில் முற்பட்டவை ஆல்புமென் அச்சுகளே. நமது பழம்பொருள் வியாபாரிகளிடம் அவ்வப்போது வரும். அனுமதி கேட்டு ஒன்றைக் கையில் வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பூதக்கண்ணாடியால் நார்களையும் வெடிப்புகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒருமுறை நேரில் பார்த்த கண்ணுக்கு, விற்பனையாளர் அனுப்பும் மின்படத்திலேயே பாதி தெரிந்துவிடும். பிறகு அவரிடம் முன்பக்கம், பின்பக்கம், சாய்ந்த ஒளியில் மேற்பரப்பு ஆகிய மூன்றையும் அளவுகோல் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொருள் சேவை வரி விதிக்கப்படுமானால் அதையும் அஞ்சல் செலவையும் 120 டாலரோடு கூட்டிப் பார்த்து, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்து அனுப்ப வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அட்டையின் பின்பக்கப் படம் வந்ததும் இங்கே பதிவிடுங்கள். தலைப்பையும் எண்ணையும் வைத்து எந்தக் காட்சி என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.